வானம் பார்த்த பெட்டி

மொட்டை மாடித் தொலைநோக்கிக் கொட்டகைக்கு நானே ஒரு வானிலைப் பெட்டி செஞ்சுக்கிட்டிருக்கேன்னு சொன்னா, எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "மழை வருமான்னு போன்லயே பார்த்துக்கலாமே?" அது ஊருக்குச் சொல்ற சேதி சாமி. நனையறது என் மாடி.

2025 செப்டம்பர். அந்த மார்ச்லதான் பூமி சனியோட வளையத் தளத்தைக் கடந்திருந்தது. அதனால வளையம் ஒரு மெல்லிய கோடாத்தான் தெரிஞ்சது. ராத்திரி முழுக்கப் படம் எடுக்கட்டும்னு கேமராவை ஓட விட்டுட்டுக் கீழே வந்து படுத்துட்டேன். பெட்டி 'தெளிவு'ன்னு சொல்ற வரைக்கும் தகரக் கூரை திறந்திருக்கும், 'மேகம்'னா மோட்டார் மூடிடும். இதுதான் ஏற்பாடு. பத்தே கால் மணிக்குப் பெட்டியில நான் எழுதின புரோகிராம் அப்படியே நின்னு போச்சு. கூரையோ கடைசியா வந்த 'தெளிவு'வை நம்பிக்கிட்டே உட்கார்ந்திருக்கு! ஒரு மணிக்கு இடியோட மழை. தங்கமணிதான் எழுப்பினாங்க. ரெண்டு வருஷம் காசு சேர்த்து வாங்கின எட்டு அங்குலக் கண்ணாடியில தண்ணி நிக்குது.

(அன்னிக்கு வாங்கின திட்டு தனிக் கதை.)

அதுக்கப்புறம் என் கட்சி மாறிடுச்சு. காத்து வேகம், காத்தழுத்தம், கலர் கலரா கிராஃப்... இதெல்லாம் பார்க்க அழகுதான், நானும் போட்டேன். ஆனா இந்தப் பெட்டிக்கு இருக்கிற ஒரே வேலை, சந்தேகம் வந்தா கூரையை மூடுறது. 'தெரியலை'ன்னாலும் மூடணும். இப்போ பத்து செகண்டுக்கு ஒரு தடவை பெட்டி 'இருக்கேன்'னு குரல் கொடுக்கணும். ஒரு நிமிஷம் சத்தமில்லைன்னா கூரை தானா மூடிக்கும். கரண்ட் போனாலும் அப்படித்தான், மோட்டாருக்குத் தனி பேட்டரி இருக்கு.

மேகத்தை எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு கேட்டா, விஷயம் சிம்பிள். எம்எல்எக்ஸ்90614ன்னு ஒரு சின்ன அகச்சிவப்பு வெப்பமானி. தெளிவான வானம் தரைக்காத்தை விட ரொம்பக் குளிர்ச்சியாத் தெரியும். மேகம் வந்தா அந்த வித்தியாசம் குறைஞ்சிடும். மழையில நனையக் கூடாதேன்னு நான் மேலே கண்ணாடி வச்சு மூடினேன், அது வானத்தை விட்டுட்டுக் கண்ணாடியோட சூட்டைத்தான் அளந்தது :-) சாதாரணக் கண்ணாடி அந்த அகச்சிவப்பை விடாது. மெல்லிசான பாலிதீன் தாள் விடும்.

இன்னொரு சண்டையும் எனக்கு உண்டு. வறண்ட ஊர்க்காரங்க எழுதி வச்ச எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீங்க. சென்னைக் காத்துல இருக்கிற ஈரமே சூட்டை உமிழும். தை மாசத்துல 20 டிகிரி வித்தியாசம் காட்டின என் பெட்டி, ஆவணியில நட்சத்திரம் நல்லாத் தெரியும்போதே 12தான் காட்டிச்சு. தினமும் சாயங்காலம் மாடியேறி, கண்ணால வானத்தைப் பார்த்து, நோட்டுல எழுதித்தான் நம்ம எண்ணைக் கண்டுபிடிக்கணும். காசு கொடுத்து வாங்கின பெட்டின்னாலும் இந்த வேலை தப்பாது.

மழை சென்சார் தகட்டுக்கு எந்நேரமும் மின்சாரம் கொடுத்தா சில வாரத்துலயே பச்சை பூத்து அரிச்சுடும். அளக்கிற நொடிக்கு மட்டும் கொடுத்தாப் போதும்.

கண்ணாடியைக் காய்ச்சி வடித்த தண்ணியில கழுவியாச்சு. ஓரத்துல ஒரு கறை மட்டும் போகலை. போன வாரம் பெட்டியோட வயரை வேணும்னே பிடுங்கிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டாவது செகண்ட்ல கூரை நகர ஆரம்பிச்சது.