மாவுக்கட்டு தெரிந்தால்தான் நோயா?

போன ஐப்பசியில் என் தம்பி தறியில் உட்காருவதை விட்டான். மழைக்காலம், தறிக்குழியில் ஈரம், அதனால்தான் என்று நினைத்தோம். மழை விட்டது, குழி காய்ந்தது, அவன் மட்டும் பாயை விட்டு எழவில்லை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பாதி நெய்த சேலை தறியிலேயே தூசி படிந்து கிடந்தது.

மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை கேட்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும், குணம் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். அவ்வளவுதான், எங்கள் ஊர் மாகறலில் தெருவுக்கு நாலு வைத்தியர் முளைத்துவிட்டார்கள்.

"தூக்க மாத்திரைம்மா அது, பழகினா விடாது" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை விழுங்குகிறார், அது பழக்கமில்லையாம்! "கொழுப்பு, வேலை செய்ய வலிக்குது" என்கிறார் மாமா. விடியற்காலை ஐந்து மணிக்கே தறிச் சத்தம் கேட்க வைத்த பிள்ளைக்கு இந்தப் பட்டம். "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்கிறாள் சித்தி. வருகிற பெண் என்ன மருந்துச் சீட்டா?

இன்னொருவர் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்களே, அதற்குள் மறந்துவிட்டதா?

பத்தாம் நாளே "ஒண்ணும் தெரியலையே" என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். மறுபடி முதலிலிருந்து. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம், காசில்லை என்று எழுதிக் கொடுத்தேன். "சுவத்துல ஒட்டாதே, உன் தங்கச்சியைப் பாக்க வர்றவங்க கண்ணுல படும்" என்கிறாள்.

எங்கள் ஊர் மாகறலீஸ்வரரை எலும்பு நோய் தீர வேண்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கை முறிந்தவர் மாவுக்கட்டோடுதான் சன்னதியில் நிற்கிறார். கட்டைப் பிரித்துவிட்டு வா என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. மனசு முறிந்தவனிடம் மட்டும், மாத்திரையை விட்டுவிட்டுச் சாமி கும்பிடு என்கிறார்கள்.

அப்பாவின் பிரஷர் மாத்திரை டிவிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கக் கிடக்கிறது. தம்பியின் அட்டை இன்னமும் அரிசி டின்னுக்குள்.