பெர்மிட் மீறல் என்றாலே வண்டியைப் பிடித்து வைக்க முடியாது

"பெர்மிட் நிபந்தனையில் எதை மீறினாலும் வண்டியைப் பிடித்து வைக்கலாம். அபராதம் கட்டினால்தான் விடுவார்கள்." சோதனைச் சாவடியில் லாரி, வேன் ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்லவில்லை.

எந்த நிபந்தனையை மீறினாலும் பிடிக்கலாமா? இல்லை. 207ஆவது பிரிவு பெர்மிட் தொடர்பாக எல்லை வகுத்திருக்கிறது: பெர்மிட்டே இல்லாமல் ஓட்டுவது, அல்லது வழித்தடம், பகுதி, பயன்பாட்டு நோக்கம் குறித்த நிபந்தனையை மீறுவது. கூடுதல் பயணிகளை ஏற்றிய பேருந்துகளை மகாராஷ்டிர அரசு பிடித்தபோது, "அதுவும் நோக்க மீறல்தான்" என்று வாதிட்டது. நாந்தேடு-பர்பணி வாகன உரிமையாளர் சங்க வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கூடுதல் ஆள் ஏற்றியதற்காக 207இன் கீழ் வண்டியைப் பிடிக்க முடியாது என்றது.

பெர்மிட் இல்லையென்றால் வண்டி போனதுதானா? அதுவும் கட்டாயமில்லை. வண்டிக்குப் பதில் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு ரசீது தரலாம் என்று அதே பிரிவு வழிவிடுகிறது. காய்கறி ஏற்றிய வண்டியை வெயிலில் நிறுத்திவைத்தால் சரக்கு அழுகும், ஓட்டுநரின் அன்றைய கூலி போகும். சட்டம் திறந்துவைத்த இந்த வழியை அதிகாரி முதலில் பார்க்க வேண்டும்.

அபராதம் கட்டினால்தான் விடுவிப்பா? ஆவணங்களைச் சரிபார்த்து, தக்க நிபந்தனையுடன் விடுவிக்கலாம் என்றே 207(2) சொல்கிறது. சமரசக் கட்டணம் கட்டி வழக்கை முடிப்பது ஓட்டுபவரின் விருப்பம். குற்றத்தை மறுத்து நீதிமன்றம் போக அவருக்கு உரிமை உண்டு. வண்டியைக் காட்டி அந்த உரிமையைப் பறிப்பது அநியாயம்.

"பிடிக்காவிட்டால் பயம் இருக்காது" என்பார்கள். பயத்துக்குத் தண்டனைப் பிரிவுகள் போதும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை. கூடுதல் பயணி ஒருவருக்கு 200 ரூபாய். அவர்களை இறக்கி மாற்று வண்டி ஏற்பாடு செய்யும்வரை வண்டி நகரக் கூடாது. 86ஆவது பிரிவில், விளக்கம் கேட்டபின் பெர்மிட்டையே ரத்து செய்யலாம். தண்டிக்க இத்தனை வழியிருக்க, பிடித்து வைப்பதையே தண்டனையாக்குவது அதிகார மீறல்.

ஓட்டுநர்களே, உரிமையாளர்களே: வண்டியைப் பிடித்தால் எந்தப் பிரிவு, எந்த நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள். ஆவணங்களுடன் அன்றே விடுவிப்பு மனு கொடுங்கள். எழுத்தில் காரணம் இல்லாத பிடிப்பை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கத் தயங்காதீர்கள்.