பதினொரு நாளில் எட்டு நாடுகள்

எங்கள் தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பயணக் கையேடு மூன்று வாரங்களாகக் கிடக்கிறது. சிங்கப்பூர் எக்ஸ்போவில் நடந்த பயணக் கண்காட்சியிலிருந்து அப்பா அதைக் கொண்டுவந்தார். 'பதினொரு நாள், எட்டு நாடுகள்' என்ற வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டமும் போட்டிருக்கிறார். வரும் ஜூன் மாதம் என் பெற்றோருக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவடைகின்றன. வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகளான அக்காவும், வார இறுதி வேலையில் சேமித்த நானும் சேர்ந்து அவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடிவு செய்தோம். போவதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படிப் போவது என்பதில்தான் வீட்டில் தினமும் வாக்குவாதம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கையேட்டை நம்பி அவர்கள் போகக் கூடாது.

அதிலுள்ள எட்டு நாடுகள் இவை: பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், இத்தாலி, வத்திக்கான். கடைசியாக உள்ள வத்திக்கானின் பரப்பளவு அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ரோம் நகரத்துக்குள்ளேயே இருப்பதால், சாலையைக் கடந்தாலே இன்னொரு நாடு கணக்கில் சேர்ந்துவிடுகிறது. லீக்டன்ஸ்டைன் 160 சதுர கிலோமீட்டர்தான்; நம் சிங்கப்பூரில் கால் பங்குகூட இல்லை. அதன் தலைநகரில் மதிய உணவு, அவ்வளவுதான். இப்படிக் கூட்டிக் காட்டுவது பொய் இல்லை. ஆனால், அதை நேர்மை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

கையேட்டின் பெரிய எழுத்துகளைவிடச் சிறிய எழுத்துகளே உண்மையைச் சொல்கின்றன. 'வெளியிலிருந்து பார்த்தல்', 'புகைப்படத்துக்காக நிறுத்துதல்', 'கடந்து செல்லுதல்' என்ற சொற்களை அக்கா பென்சிலால் அடிக்கோடிட்டுக் காட்டினாள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 'வெளியிலிருந்து பார்த்தல்' பட்டியலில் இருக்கிறது. ஏறத்தாழ 35,000 பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள இடத்தில், வாசலில் உள்ள கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பதினொரு நாளில் விமானப் பயணத்துக்கு இரண்டு நாள் போய்விடும். மீதமுள்ள ஒன்பது நாளில் பாரிஸிலிருந்து பிரசல்ஸ், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், வடுஸ், வெனிஸ், பிளாரன்ஸ், ரோம் என்று எல்லாமே பேருந்தில். ஊர்களுக்கு இடையே செல்வதற்கு மட்டும் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் அப்பா 22 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுநர். அவருடைய திருமண வெள்ளி விழாவுக்கு நாங்கள் கொடுக்கப்போகும் பரிசு, 30 மணி நேரம் இன்னொரு பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பது! ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, நான்கரை மணி நேரம் ஓட்டிய பேருந்து ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்தது. "நல்ல சட்டம்" என்றார். பயணிகளின் ஓய்வைப் பற்றி அந்தக் கையேட்டில் எந்த விதியும் இல்லை.

வேகமாகப் பார்த்தாலும் பார்த்ததுதானே என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தேட நான் ஐரோப்பாவரை போகத் தேவையில்லை. வார இறுதிகளில் நான் வேலை செய்யும் கடை லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே டான் டெங் நியா வீடு என்று ஒரு பழைய வீடு உண்டு. அதன் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வண்ணம். பார்த்தால் கண்ணைப் பறிக்கும். சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கும். வழிகாட்டி கொடியை உயர்த்துவார். பயணிகள் இறங்கி வீட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுப்பார்கள். பதினைந்து நிமிடத்தில் கொடி மீண்டும் உயரும். எல்லாரும் ஏறிவிடுவார்கள். லிட்டில் இந்தியாவைப் பார்த்தாகிவிட்டது!

அவர்கள் படம் எடுத்தது ஒரு சீன வணிகரின் வீடு. இனிப்புப் பண்டத் தொழில் நடத்திய டான் டெங் நியா 1900ஆம் ஆண்டில் அதைக் கட்டினார். லிட்டில் இந்தியாவில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை அதுதான். இந்தியர்களின் வட்டாரத்தில் சீனர் ஏன் மாளிகை கட்டினார், கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை என்று பொருளாயிற்றே, இங்கே எருமைக்கு என்ன வேலை என்றெல்லாம் கேட்க அந்தப் பயணிகளுக்கு நேரமில்லை. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்ததும், தேக்கா என்ற பெயர் மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்ததும் அவர்களுக்குத் தெரியாது. சில நிமிட நடையில் இருக்கும் வீரமாகாளியம்மன் கோயிலின் மணியோசை கேட்பதற்குள் பேருந்து போய்விடும். பஃபலோ சாலையில் பூக்கட்டும் அம்மாவிடம் ஒரு முழம் மல்லிகை வாங்குவதற்குக்கூட நேரமிருக்காது. அவர்களைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிரசல்ஸிலோ கொலோனிலோ என் பெற்றோர் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறும்போது, எதிர்க்கடையில் நிற்கும் என் வயதுப் பையன் ஒருவன் அவர்களைப் பார்த்து இதையேதான் நினைப்பான்.

அப்பாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. "மறுபடியும் அவ்வளவு தூரம் போகப்போகிறோமா? போகும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்கிறார். இதுவரை அவர் சென்ற வெளியூர்கள் ஜொகூரும், அம்மாவின் ஊரான தஞ்சாவூரும்தான். வாழ்க்கையில் ஒருமுறை மட்டுமே விருந்துக்கு அழைக்கப்படுபவர், இலையில் வைக்கும் எல்லாவற்றையும் சுவைத்துப் பார்க்க நினைப்பது தவறா? குழுவாகச் செல்லும் பயணங்கள் தோன்றியதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். 1841இல் இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர், ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். 1855இல் அவர் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் குழுக்களை அழைத்துச் செல்லத் தொடங்கினார். அதற்குமுன் இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் பணக்காரர்களுக்கே உரியவையாக இருந்தன. ஆகவே, குழுப் பயணம் என்றாலே மட்டம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், வேகத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா? 1969இல் அமெரிக்காவில் ஒரு நகைச்சுவைத் திரைப்படம் வெளிவந்தது. 'இன்று செவ்வாய்க்கிழமை என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்க வேண்டும்' என்பதே அதன் பெயரின் பொருள். அதில் வரும் பயணிகள் 18 நாளில் ஒன்பது நாடுகளைச் சுற்றுகிறார்கள். அந்த வேகத்தைப் பார்த்து அன்று மக்கள் சிரித்தார்கள். எங்கள் கையேடோ அதையும் தோற்கடித்துவிட்டது.

பல நாடுகளுக்குப் போவதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. தமிழில் பயண நூல்களுக்கு வழிகாட்டியவரான ஏ. கே. செட்டியார், 1930களின் இறுதியில் பல நாடுகளுக்கு அலைந்தார். மகாத்மா காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல இடங்களிலும் இருந்த படச்சுருள்களைத் தேடிச் சென்றார். அந்தப் படம் 1940இல் வெளிவந்தது. ஒவ்வோர் ஊரிலும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலைதான் அவரை அடுத்த ஊருக்கு அனுப்பியது. என் பெற்றோரின் பயணத்துக்கு என்ன வேலை இருக்கிறது?

இதைத்தான் நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னார். அம்மா மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். அவருக்கு இரவு வேலை என்றால் அப்பாவுக்குக் காலை வேலை. அப்பாவுக்கு மாலை வேலை என்றால் அம்மா அதிகாலையிலேயே கிளம்பிவிடுவார். "நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகக் காலைப் பசியாறிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்" என்றார் அம்மா. 25 ஆண்டுகள் இப்படிப் பணி அட்டவணையைப் பார்த்தே வாழ்ந்தவர்களை, காலை ஆறு மணிக்கு எழுப்பி, ஆறரைக்குப் பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்லி, ஏழரைக்குப் பேருந்தில் ஏற்றுவது எந்த வகையில் கொண்டாட்டம்? போதாக்குறைக்கு, பல ஆண்டுகளாக நின்றுகொண்டே வேலை செய்ததில் அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஒரு நாளைக்கு நான்குமுறை பேருந்தின் படிகளில் ஏறி இறங்குவது அவருக்குச் சுலபமில்லை. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

எனவே, நானும் அக்காவும் வேறொரு திட்டம் போட்டோம். இரண்டே நாடுகள். சாங்கியிலிருந்து நேராகப் பாரிஸ். அங்கே ஐந்து நாள். பிறகு ரயிலில் மூன்று மணி நேரத்தில் பாசெல், அங்கிருந்து இன்னொரு மணி நேரத்தில் லூசெர்ன். அங்கே நான்கு நாள். திரும்பும் விமானம் சூரிக்கிலிருந்து நேராகச் சாங்கிக்கு. வந்த வழியே திரும்பிப் போகும் அலைச்சல் இல்லை. பெட்டியைக் கட்டிப் பிரிப்பது இரண்டே முறை.

ஜூன் மாதத்தில் பாரிஸில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு சேன் நதிக்கரையில் மெதுவாக நடக்கலாம். கால் வலித்தால் ஒரு பெஞ்சில் உட்காரலாம். கொடியை உயர்த்த யாரும் வரமாட்டார்கள். லூவருக்குள் ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவிடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் அது மூடியிருக்கும். ஐந்து நாள் தங்குபவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

அம்மாவுக்கு நான் வைத்திருக்கும் இரகசிய ஆசைவார்த்தை ஒன்று உண்டு. பாரிஸின் 'கார் து நோர்' ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லா ஷப்பெல் என்ற பகுதி வரும். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பலர் அங்கே கடைகள் நடத்துகிறார்கள். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துகளைப் பார்க்கலாம், முருங்கைக்காய் வாங்கலாம், சுடச்சுடத் தோசை சாப்பிடலாம். 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் அதன் தேர் பாரிஸ் தெருக்களில் வலம் வரும்போது, நடுச்சாலையில் தேங்காய்களைக் குவித்து உடைப்பார்கள். ஜூன் மாதத்தில் தேர் இருக்காதுதான். ஆனால், தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண், யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸுக்கு வந்த இன்னொரு தமிழ்ப் பெண்ணோடு கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். எந்தச் சுற்றுலாப் பேருந்தும் அதற்காக நிற்பதில்லை.

அப்பாவுக்கு மலை ஏற வேண்டும். கையேட்டில் யுங்பிராவ்யோக் இருந்தது. அதன் உயரம் 3,454 மீட்டர். நம் புக்கித் தீமா குன்றைப்போல இருபது மடங்குக்கும் மேல்! அவ்வளவு உயரத்துக்கு விரைவாகப் போனால் பலருக்கு மூச்சு வாங்கும், தலை சுற்றும். லூசெர்னில் தங்கினால் ரீகி மலைக்குப் போகலாம். உயரம் 1,798 மீட்டர்தான். ஏரியில் படகில் சென்று, அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ஏறலாம். 1871இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில்தான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். வண்டி என்றால் ஆவலோடு பார்க்கும் அப்பாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

விசா விஷயத்திலும் எங்கள் திட்டம் எளிமையானது. அப்பா சிங்கப்பூர்க் குடிமகன். ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலம் தங்க அவருக்கு விசா தேவையில்லை. அம்மா நிரந்தரவாசி; இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பதால் அவருக்கு விசா வேண்டும். ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருந்தாலும் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் ஐந்து நாள் என்பதால் பிரான்ஸ் என்று உடனே சொல்லிவிடலாம். கையேட்டுப் பயணத்திலோ, எந்த நாட்டில் எத்தனை இரவு என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். அப்பாவின் நண்பர் ஒருவர், "லண்டனையும் சேர்த்துக்கொள்ளுங்களேன்" என்றார். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அம்மாவுக்கு அதற்குத் தனி விசா வாங்க வேண்டும். நல்ல வேளையாக அந்தப் பேச்சு அன்றே முடிந்தது.

அப்பா கடைசியாக ஒரு கணக்கைக் காட்டினார். கையேட்டின் கட்டணத்தை எட்டால் வகுத்து, "ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் ஆகிறது. உங்கள் திட்டத்தில் ஒரு நாட்டுக்கு எவ்வளவு, பார்!" என்றார். நான் அதே தொகையை, அவர்கள் இருவரும் பேருந்துக்கும் வரிசைக்கும் வெளியே சேர்ந்திருக்கும் மணி நேரத்தால் வகுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விடைகளையும் நெடுநேரம் பார்த்தார்.

நேற்று மாலை மேசையில் கையேடு மீண்டும் விரிந்து கிடந்தது. ஆறு நாடுகளின்மேல் அப்பாவே கோடு போட்டிருந்தார். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இரண்டும் அப்படியே இருந்தன. அடித்த இத்தாலிக்குப் பக்கத்தில் மட்டும் சிறியதாக 'ரோம், இரண்டு நாள்?' என்று எழுதியிருந்தார். அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போனார். விசா விண்ணப்பம் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.