குழாயைக் காட்டி அச்சுறுத்தாதீர்கள்

ஏழாயிரம்பண்ணையில் ஆலைக்கு ஆளேற்றும் வண்டி காலையிலேயே வந்துவிடும். அதற்குள் என் அக்கா சமைத்து, தம் ஒன்பது வயது மகனுக்கு ஊட்டியும் முடிக்க வேண்டும். மூளை முடக்குவாதத்தால் விழுங்கச் சிரமப்படும் பிள்ளை அவன். அரைக் கிண்ணக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். இடையிடையே இருமல், புரையேறல், அழுகை. பொறுமை தீர்ந்ததும் எங்கள் வீட்டில் எழும் சொல் ஒன்றே: “சாப்பிடு, இல்லாவிட்டால் டாக்டர் வயிற்றில் குழாய் போட்டுவிடுவார்.” நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் முறை நிமோனியாவோடு அவனைச் சேர்த்தபோது, மருத்துவர் உண்மையாகவே அக்குழாயைப் பற்றிப் பேசினார். தண்டனை வந்துவிட்டதென்றே அவன் எண்ணினான். அம்முகத்தை என்னால் மறக்க இயலவில்லை.

மூக்கு வழிக் குழாய் பொதுவாகச் சில வாரங்களுக்கே உரியது. நெடுநாள் தேவைப்படுமெனில், வயிற்றில் சிறு துளையிட்டு இரைப்பைக்கு நேரே குழாய் பொருத்துகின்றனர். வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி உதவியால் இதனைச் செய்யும் முறையை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பொன்ஸ்கி என்னும் மருத்துவர்கள் முதன்முதலில் கையாண்டனர். அந்த முதல் நோயாளி நாலரை மாதக் குழந்தை. இதனைச் சாகக் கிடக்கும் முதியவர்க்கான ஏற்பாடென்று கருதும் உறவினர்க்கு இச்செய்தியைச் சொல்லுங்கள். வாயால் ஊட்ட மாட்டாத தாய் என்று என் அக்காவைப் பழித்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் ஒரு வேளை ஊட்டிப் பார்த்ததில்லை.

தொல்லையே இல்லையென்று நான் கூறமாட்டேன். துளையைச் சுற்றிப் புண் வரலாம், கசியலாம், குழாய் அடைத்துக்கொள்ளலாம். ஊட்டியபின் ஒவ்வொரு முறையும் கொதித்தாறிய நீரைச் செலுத்த வேண்டும். குழாய் கழன்று விழுந்தால் சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும். இரவாயினும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எவர் வீட்டு வண்டியில் செல்வது என்பதை முன்னரே பேசி வைத்திருத்தல் நலம். உமிழ்நீரால் புரையேறுவதையும் குழாய் தடுக்காது.

இவையனைத்தையும் பெற்றோரிடம் மட்டும் சொல்லி, பிள்ளையை வெளியே அமர்த்துவது முறையன்று. தன்னைப் பற்றிய முடிவில் குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்னும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. பேச்சுத் தெளிவில்லாத பிள்ளைக்கும் கருத்து உண்டு. கேட்பவர்க்குத்தான் நேரம் வேண்டும். எடை குறைந்துகொண்டே செல்கையில் முடிவைக் காலவரையின்றித் தள்ளவும் இயலாது என்பதை அறிவேன். ஆயினும் ஒரு வாரம் கேட்டறியலாம்.

நாங்கள் கேட்டோம். வெகுநேரம் முயன்று அவன் எழுப்பிய வினா, “கருப்பட்டி மிட்டாய்?” என்பது. விழுங்கும் திறனைச் சோதித்த பிறகு, பாதுகாப்பானால் நாவில் சிறிது சுவைக்கலாம் என்றார் மருத்துவர். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை. குழாயுடன் பள்ளிக்குச் செல்லும் சிறுவர் எவரையேனும் காண இயலுமா என்று செவிலியரிடம் கேட்டிருக்கிறோம். வரும் செவ்வாய்க்கிழமை மீண்டும் வருகிறோம். அக்கா அன்று ஆலைக்கு விடுப்பு சொல்லிவிட்டார்.