அந்த ஓராண்டு யாருக்குரியது?

கல்விக்கடன் பெற்றுப் பொறியியல் பயிலும் மகளோ மகனோ இறுதியாண்டில் வந்து, ‘வேலைக்குச் செல்லப் போவதில்லை, தோழர்களுடன் சேர்ந்து தொழில் தொடங்கப் போகிறேன்’ என்றால், பெற்றோர் முதலில் அஞ்சுவது தோல்வியை அன்று, மாதத் தவணையை. அந்த அச்சம் நியாயமானதே. கல்விக்கடனில் பெற்றோரும் இணைக் கடன்தாரர். தவணை தவறினால் இருவரின் கடன் வரலாறும் பழுதாகும்.

ஆயினும், படிப்பு முடிந்தபின் ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அந்த ஓராண்டை வேலை தேடுவோருக்கு மட்டுமே உரியதாக நாம் கருதிவிட்டோம். தொழில் முயல்வோருக்கும் அது உரியதே. இந்திய வங்கிகள் சங்கத்தின் முன்மாதிரிக் கல்விக்கடன் திட்டம், புதுத்தொழிலின் தொடக்கக் காலத்திற்கும் தவணை விலக்கை நீட்டிக்க இடந்தருகிறது. இக்காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே வரும் என்பதை மறத்தலாகாது. ஆகவே, தவணை தவறியபின் வருந்துவதைவிட, முன்கூட்டியே கிளை மேலாளரைக் கண்டு பேசுவதே அறிவுடைமை.

கல்வி நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, புதுத்தொழில் கொள்கை, தொழில் முனையும் மாணவர் ஒரு பருவமோ ஓராண்டோ இடைவெளி எடுத்துப் பின் படிப்பைத் தொடர வழிகாட்டுகிறது. இதனைத் தம் மாணவர்க்கு எத்தனை கல்லூரிகள் எடுத்துரைக்கின்றன? பெருநிறுவனங்களை வளாகத்திற்கு அழைப்பதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பகுதியை இதிலும் காட்டலாம். மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதர் எனர்ஜி, சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர் இருவர் 2013இல் தொடங்கி, அந்நிறுவனத்தின் அரவணைப்பில் வளர்ந்ததே.

கடன் எளிதில் கிடைப்பது மட்டும் ஊக்கமாகாது. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ. 50,000 வரை பிணையின்றிப் பெறலாம். எனினும், முதல் வாடிக்கையாளரைக் கண்டபின் வாங்கும் கடனே தொழிலைத் தாங்கும். அதற்குமுன் வாங்கும் கடன் சுமையாகும். தொழிலுக்குத் தனிக்கணக்கும், நாள்தோறும் வரவுசெலவுக் குறிப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும். குடியிருக்கும் வீட்டை ஈடுவைத்துப் பிள்ளையின் கனவுக்கு முதலிடுதல் வேண்டா.

பெற்றோர் தரத்தக்க பெரிய முதலீடு பணமன்று, காலவரையறையுள்ள நம்பிக்கை. ‘ஓராண்டு முயன்று பார், கணக்கை மாதந்தோறும் காட்டு, கூடவில்லையெனில் வேலைக்குச் செல்வதில் இழிவில்லை’ என்று சொல்லும் வீட்டில், தோல்வியும் ஒரு கல்வியாகவே முடியும்.