கம்பெனி கேட்டுக்கு உள்ளே என்ன பேசலாம்?

ஆலைகள் நிறைந்த பென்னலூர் வட்டாரத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் தேர்தல் நேரத்தில் உரக்கவே வாதாடுவார்கள். பஸ் ஆலை வாசலை நெருங்கும்போது பேச்சு அடங்கிவிடும். “உள்ளே கட்சி, சங்கம் எதுவும் பேசக் கூடாது” என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருப்பார்கள். அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கட்சி. அரசமைப்பின் 19ஆவது பிரிவு தரும் பேச்சுரிமை, முதன்மையாக அரசின் கையைக் கட்டுவதற்காக எழுதப்பட்டது. அரசே முதலாளியாக இருக்கும் ரயில்வேயில்கூட, நிர்வாகத்துக்குச் சொந்தமான இடத்தில் கூட்டம் நடத்துவது அடிப்படை உரிமை ஆகாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, வேலை நேரத்தில் லைனில் நின்று பிரசாரம் செய்யாதே என்று நிர்வாகம் சொன்னால் அது செல்லும். எனக்கும் அதில் மறுப்பில்லை. பக்கத்தில் நிற்பவர் வேறு கட்சிக்காரராக இருக்கலாம். ஷிப்ட் முடியும்வரை அவரால் நகரவும் முடியாது.

சங்கம் அப்படியல்ல. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவதைத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தவறு என்று பட்டியலிட்டது. ஆறு மாதம் வரை சிறை என்றும் அச்சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்தத் தடையை நீக்கிவிடவில்லை.

“சங்கம் என்றாலே கட்சிதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தக் கேள்விதான் அதிகம் எழுந்தது. தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதே அவர்களின் தலையாய கோரிக்கை. துணை நின்ற சிஐடியு தொழிற்சங்கம், மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்தது. அந்தக் கட்சியோ அப்போது ஆட்சியில் இருந்த திமுகவின் கூட்டணியில் இருந்தது. ஆனாலும் அந்த அரசின் போலீஸ்தான் அக்டோபர் 9இல் போராட்டப் பந்தலைப் பிரித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27இல்தான் சங்கம் பதிவானது. அந்தப் பந்தலில் உட்கார்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லோரும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர்களாக இருந்திருக்க முடியாது. இருக்க வேண்டியதும் இல்லை. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே, அரசியல் செலவுக்குத் தனி நிதி வைக்க வேண்டும், அதற்குப் பணம் தர மறுக்கும் உறுப்பினரை ஒதுக்கக் கூடாது என்று விதித்தது. செங்கொடிச் சங்கத்தில் இருந்துகொண்டே வேறு கட்சிக்கு வேலை செய்யலாம் என்பதுதான் இதன் பொருள். சங்கத் தலைவர்களும் இதை மறந்துவிடக் கூடாது.

பேச வழியில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். ஆப்பிளுக்குப் போன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் செத்துப்போனார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய். ஆனால் பொய் என்று சொல்ல, அந்தப் பெண்கள் நம்பக்கூடிய ஒரு குரல் இல்லை. இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். சாலைக்கு வருவதற்கு முன்பே அவர்கள் சொன்னதைக் கேட்க ஆலைக்குள் ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

வாய் திறந்து பேசினால், நிரந்தரத் தொழிலாளிக்காவது மெமோ, விசாரணை என்று படிகள் இருக்கின்றன. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ட்ரெய்னிக்கும் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்ற ஒரு வார்த்தை போதும். இந்த வட்டாரத்தின் மௌனத்தில் பெரும் பங்கு அந்த பயம்தான்.

சேர்ந்த அன்று சொல்லும் வாக்கியத்தில் ‘கட்சி’ இருந்துவிட்டுப் போகட்டும். ‘சங்கம்’ என்ற சொல்லை நிர்வாகங்கள் அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதை அங்கே வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.