சாலையில் வானம், கடலில் சங்கு



எட்டயபுரம் என்றதும் பாரதியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இந்த மாதம் அவருக்கு ஓய்வு. சித்திரை வெயிலில் எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், கொஞ்சம் தள்ளி எப்போதும் தண்ணீர் கிடக்குமே, அதைப் பற்றித்தான் பேச்சு. வண்டி நெருங்க நெருங்க அது விலகிப்போகும். கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்குக் கானல்நீர் புதுசா என்ன?

அங்கே கிடப்பது வானம். தார்ச்சூட்டில் தரையை ஒட்டிய காற்று லேசாகிவிடுகிறது. மேலே இருக்கும் காற்றைவிட அதில் ஒளி ஒரு துளி வேகமாகப் போகிறது. அதனால் சாய்வாக இறங்கும் வானத்து ஒளி, தரையைத் தொடும் முன்பே வளைந்து மேலேறிக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்கோ ஒளி நேர்கோட்டில்தான் வரும் என்ற நம்பிக்கை; வானத்தைச் சாலையில் கொண்டுவந்து கிடத்திவிடுகிறது.

தூத்துக்குடி போய்ச் சேர்ந்தால் இதே சங்கதி கடலுக்குள். காற்றில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, தண்ணீரில் 2.25 லட்சத்துக்கு இறங்குகிறது. சங்குகுளிக்கிறவர் வெறுங்கண்ணோடு முங்கினால் எல்லாம் கலங்கித்தான் தெரியும். காரணம் கண்ணிலேயே இருக்கிறது. ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது விழியின் முன்புறமுள்ள கார்னியா. ஒளிக்குக் கார்னியாவும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், நீருக்குள் அந்த வளைவு அநேகமாக நடப்பதே இல்லை. முகக்கண்ணாடி மாட்டினால் விழிக்கு முன்னால் கொஞ்சம் காற்று நிற்கிறது, பார்வை தெளிகிறது. ஆனால் நான்கடி தள்ளிக் கிடக்கும் சங்கு மூன்றடியில் கிடப்பதுபோலத் தோன்றும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். புதியவர் கை எட்டாமல் தண்ணீரைத் துழாவும். பழகிய கை, கண் சொன்னதைவிடக் கூடுதலாக நீளும்.

ஒளி வளையும் இந்தக் கணக்கைத்தான் பள்ளியில் ஸ்நெல் விதி என்று மனப்பாடம் செய்தோம். ஸ்நெல் கண்டது 1621இல். பாக்தாத்தில் இப்னு சால் 984 வாக்கிலேயே எழுதிவைத்துவிட்டார். பாடநூலில் அவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதில் முங்கிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அடியில் கண்ணுக்கு என்ன தெரிந்தது, சிப்பியைக் கை எப்படிக் கண்டுகொண்டது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர்கள் பேச்சைத் திருத்த வேண்டாம்; சொன்னபடியே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்